துறுங்குத் துடக்கு

டொக்கு, டொக்கு என்று மரம் எலும்பில் மோதுகிற ஒரு சத்தம் இன்றைக்கும் என் காதுக்குள் கிடக்கிறது. எங்கள் சிவலைப் பசு வளவுக்குள் நடக்கிற சத்தம் அது. வேலி பாய்கிற மாட்டுக்கு எங்கள் தீவுப் பக்கத்தில் கழுத்தில் ஒரு கட்டையைக் கட்டித் தொங்கவிடுவார்கள். பூவரசங் கட்டையோ பனங்கட்டையோ, கைக்கு அகப்பட்டது எதுவோ அது. மாடு மெல்ல நடந்தால் கட்டை சும்மா ஆடும், ஓட வெளிக்கிட்டால் முன்னங்கால்களுக்கு நடுவே விழுந்து முழங்காலைப் பதம் பார்க்கும். சிவலையின் முழங்காலில் மயிர் உதிர்ந்து, தோல் தடித்து, அதன் மேல் எப்போதும் ஈ மொய்த்திருக்கும். "அடியாத மாடு படியாது" என்பார் அப்பா, தான் கை ஓங்கத் தேவையில்லாமல் மாடு தன்னைத் தானே அடித்துக்கொள்ள ஒரு வழி கண்டுவிட்ட திருப்தியோடு. அந்தக் கட்டைக்கு எங்கள் வீட்டில் ‘துறுங்கு’ என்று பெயர்.

ஆனால் ஊரில் துறுங்கு என்றால் சிறைச்சாலை. யாழ்ப்பாணத்தில் பொதுவாக ‘மறியல்’ என்பார்கள். மறித்து வைக்கிற இடம் மறியல், அதில் விளங்காதது ஒன்றுமில்லை. சுருவிலுக்கும் புளியங்கூடலுக்கும் இடையில் கிடந்த எங்கள் ஊர்ப் பெரியவர்களின் வாயில் மட்டும் அதைவிடப் பழைய இந்தச் சொல் ஒட்டிக்கொண்டிருந்தது. ஊர்காவற்றுறை இறங்குதுறையில் நின்று பார்த்தால் கடலுக்குள் ஒரு கோட்டை குந்தியிருப்பது தெரியும். எந்தக் காலத்திலோ கப்பலில் வந்தவர்கள் கட்டியது, பிறகு வந்தவர்கள் ஆள் பிடித்து அடைத்தது. அதைக் காட்டி "அந்தா துறுங்கு" என்பார்கள். தேங்காய் களவெடுத்தவனுக்கும் "உனக்குத் துறுங்குதான்", சோற்றைக் கொட்டின பிள்ளைக்கும் "உனக்குத் துறுங்குதான்". அந்தச் சொல்லை நாங்கள் விளையாட்டாகத்தான் வைத்திருந்தோம், அது எங்கள் வீட்டுக்குள் வந்து குந்தும்வரை.

இதை நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். வயது போனால் கோபம் ஆறும் என்கிறார்கள். எனக்கு ஆறவில்லை. ஆற வேண்டிய அவசியமும் தெரியவில்லை.

ஆசை மாமா என் அம்மாவின் கடைசித் தம்பி. புகையிலையும் வெங்காயமும் வைத்துச் சீவித்தவர். எங்கள் முருகன் கோயிலில் வருஷா வருஷம் புராணப் படிப்பு நடக்கும். அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன், ஒருவர் பாட்டை இராகம் இழுத்துப் படித்து நிறுத்துவார், பக்கத்தில் இருப்பவர் அதன் கருத்தைச் சனத்துக்கு விளங்குகிற மாதிரி விரித்துச் சொல்லுவார், அதற்குப் ‘பயன் சொல்லுறது’ என்று பெயர். எங்கள் கோயிலில் படிக்கிறவர் வாத்தியார், பயன் சொல்லுகிறவர் ஆசை மாமா. மாமா பெரிய பண்டிதர் ஒன்றும் இல்லை, பிழையும் விடுவார். ஆனால் அவர் வாயைத் திறந்தால் அசுரரின் போர்க்களம் எங்கள் ஊர்ச் சந்தையாகிவிடும். "அசுரன்ரை மீசை இருக்கே, அது எங்கடை மணியத்தாற்றை மீசை மாதிரித்தான், ஆனால் இவ்வளவு பெரிசில்லை" என்பார். மணியத்தார் என்றால் கோயில் நிர்வாகம் பார்க்கிறவர்; அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் முறை. அவரும் மீசையைத் தடவிக்கொண்டு சிரிப்பார். அந்தச் சிரிப்பை நான் கண்டிருக்கிறேன், அதனால்தான் பிறகு நடந்ததை மன்னிக்க எனக்கு ஏலாமல் இருக்கிறது.

படிப்பின் கடைசிப் பகுதியில் அசுரனின் சிறையில் காலங்காலமாகக் கிடந்த தேவர்களை முருகன் மீட்கிற நாள் வரும். அன்றைக்கு ஊரில் அடுப்பு மூட்டுகிற எல்லா வீட்டுக்காரரும் கோயிலில்தான். மாமா தேவர்கள் இருட்டறையில் கிடந்து மெலிந்ததைச் சொல்லுவார், கதவு திறந்ததும் வெளிச்சம் பட்டுக் கண் கூசி அவர்கள் ஆளையாள் அடையாளம் தெரியாமல் நின்றதைச் சொல்லுவார். பெண்கள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைப்பார்கள். மணியத்தார் மாமாவுக்குச் சால்வை போர்த்துவார். பிறகு எல்லாருக்கும் மோதகம்.

எண்பத்தாறில் அனலைதீவில் ஒரு கலியாண வீட்டுக்குப் போய், வள்ளத்தில் திரும்பி வந்து இறங்கிய இளந்தாரிகள் எல்லாரையும் துறையில் நின்ற படையினர் மறித்தார்கள். மாமாவின் கையில் எங்களுக்கென்று கட்டித் தந்த பயத்தம் பணியாரப் பார்சல் இருந்ததாம். அதையும் சேர்த்துத்தான் ஏற்றினார்கள். முதல் கிழமை கடற்கோட்டையில் வைத்திருந்தார்கள். அம்மா தினமும் சோற்றுப் பார்சலோடு துறைக்குப் போய் நின்று, கடலுக்கு அங்கால் தெரிந்த கல்லுச் சுவரைப் பார்த்துவிட்டுப் பார்சலோடு திரும்பி வருவா. பிறகு தெற்கே கொண்டுபோய்விட்டார்கள் என்று கதை வந்தது. வழக்கில்லை, விசாரணையில்லை, இன்ன குற்றம் என்று ஒருவர் வாயிலிருந்தும் ஒரு சொல் வரவில்லை.

முதல் மாதம் ஊர் எங்கள் வாசற் படலைக்குள் வந்து, "பாவம் ஓரிடம், பழி ஓரிடம்" என்று சொல்லி அழுதது. அதைச் சொன்ன அதே வாய்கள் ஆறு மாதம் போக, ஒழுங்கையில் நின்று, "நெருப்பில்லாமல் புகையுமே?" என்று கேட்டன. பாருங்கள், எங்கள் சனத்திடம் எதற்கும் ஒரு பழமொழி இருக்கும், அதற்கு எதிரானதற்கும் ஒன்று இருக்கும். எதை எப்போது எடுப்பது என்பதில்தான் அவர்களின் குணம் தெரியும். பள்ளிக்கூடத்தில் எனக்குத் "துறுங்குக்காரன்ரை மருமோள்" என்று பெயர் வைத்தார்கள். பிள்ளைகள் அதைத் தாங்களாக யோசித்து எடுக்கவில்லை. குசினியில் தாய்மார் கதைத்ததைத்தான் கொண்டுவந்தார்கள்.

அடுத்த வருஷம் சண்டையை நிறுத்த ஒப்பந்தம் எழுதி ஆட்களை வெளியில் விட்டபோது மாமாவும் வந்தார். மெலிந்து, தாடியோடு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு படலையடியில் நின்றார். அம்மா குழறிக்கொண்டு ஓடினா. மாமா அவவின் தலையைத் தடவிவிட்டு, நேரே மாட்டடிக்குப் போய், சிவலையின் கழுத்துக் கயிற்றை அவிழ்த்து, கட்டையைக் கழற்றி, கொத்திப் பிளந்து குசினி அடுப்பில் வைத்தார். கோபமாகச் செய்யவில்லை, தேத்தண்ணி கொதிக்க விறகு வைக்கிற மாதிரித்தான் வைத்தார். அப்பா, "டேய், அது வேலி பாயிற மாடு" என்றார். "பாயட்டும் அத்தான்" என்றார் மாமா.

பாய்ந்தது. அந்தக் கிழமையே மணியத்தாரின் தோட்டத்துக்குள் பாய்ந்து பயத்தங்கொடியை வேரோடு தின்றுவிட்டு வந்தது. மணியத்தார் படலைக்கு வந்து, உள்ளே வராமல் நின்று, "பூரணம், மாட்டுக்கும் அடக்கமில்லை, வீட்டுக்கும் அடக்கமில்லை" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். மனுசர் பெரிய அநியாயங்களைச் செய்வதற்கு ஒரு பயத்தங்கொடி போதும்.

அந்த வருஷம் சண்டை திரும்பவும் மூண்டதால் படிப்பு நடக்கவில்லை. அடுத்த வருஷம் தொடங்குகிறது என்று மேளச் சத்தம் கேட்டதும் மாமா தாடியை வழித்து, வேட்டியை நீலம் போட்டு வெளுத்துக் காயப்போட்டார். கோயிலிலிருந்து ஆள் வந்தது, ஆனால் அழைக்க வரவில்லை. மாமா மறியலில் யார் யாரோ சமைத்த சோற்றைத் தின்றவராம். புராணம் இருக்கிற இடத்தில் இருக்க முதல் கழுவாய் செய்ய வேண்டுமாம். தீட்டைத் துடக்கு என்போம்; பிள்ளை பிறந்தால் துடக்கு, ஆள் செத்தால் துடக்கு, கேள்விப்பட்டிருக்கிறோம். அடைத்து வைத்தாலும் துடக்கு என்று எங்கள் ஊர்தான் கண்டுபிடித்தது. அம்மா சீறினா. மாமா, "விடுங்கோ அக்கா, தலை முழுகிறதாலை என்ன குறையப்போகுது?" என்று சொல்லிக் கேணியில் தோய்ந்து, ஐயர் தந்த தண்ணீரைக் குடித்து, சொன்னதெல்லாம் செய்தார். செய்து முடிய, "இந்த வருஷம் மட்டும் விடுவம், சனம் ஒருமாதிரிக் கதைக்குது" என்று மணியத்தார் சொல்லியனுப்பினார்.

அந்தச் சனம் யார் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. எங்கள் ஊரில் எல்லாரும் சனத்துக்குப் பயம். நான் ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டேன், அந்தச் சனம் ஒரு வீட்டிலும் இருக்கவில்லை.

தேவர்கள் சிறை மீளுகிற நாள் வந்தது. நாங்கள் போனோம், மாமா உள்ளே வராமல் வெளியே தேர்முட்டியில் குந்தியிருந்தார். வாத்தியார் பாட்டைப் படித்து நிறுத்தினார். மாமாவின் இடத்தில் மணியத்தாரின் மருமகன் இருந்தார். கொழும்பில் கந்தோர் வேலை, லீவில் வந்தவர். தொண்டையைச் செருமி, "அதாவது, தேவர்கள் சிறையிலிருந்து வெளியே வந்தார்கள்" என்றார். நிறுத்தினார். வாத்தியார் அவரைப் பார்த்தார். "மிகவும் சந்தோஷமாக வந்தார்கள்" என்றார். பின்னாலிருந்து ஒரு பெடியன், "பஸ்ஸிலையோ வந்தவை?" என்று கேட்க மண்டபம் சிரித்தது.

அம்மா சிரிக்கவில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து எழும்பினா.

"மணியண்ணை, ஒரு கேள்வி."

"இரும் பூரணம். இது கேள்வி கேக்கிற இடமில்லை."

"பயன் சொல்லுற இடந்தானே? பயன்தான் கேக்கிறன். மறியலாலை வந்த தேவர்களை எப்பிடி உங்கடை கோயிலுக்குள்ளை விட்டனீங்கள்? அவையள் கழுவாய் செய்தவையோ?"

மண்டபத்தில் ஒரு விசிறி மட்டை கூட ஆடவில்லை.

"அவை தேவர்கள்" என்றார் மணியத்தார்.

"தேவர்கள் எண்டாப்போலை? அசுரன் வீட்டுச் சோறுதானே திண்டவை? என்ரை தம்பி என்ன செய்தவன் எண்டு உங்கள் ஒருத்தருக்கும் தெரியாது, பிடிச்சவங்களுக்கும் தெரியாது. செத்த வீட்டுத் துடக்கு முப்பத்தொண்டோடை கழியுது. இந்தத் துறுங்குத் துடக்கு எத்தினை நாளுக்கு அண்ணை? சொல்லுங்கோ. நாளை எண்ணிக்கொண்டு இருக்கிறம்."

"ஐயா, தீபத்தைக் காட்டுங்கோ" என்றார் மணியத்தார், அம்மாவைப் பார்க்காமல்.

ஐயர் மணியை எடுத்தார். மேளகாரரும் தொடங்கினார். அந்தச் சத்தத்துக்குள் அம்மா இன்னும் கேட்டுக்கொண்டுதான் நின்றா. வாய் அசைவது தெரிந்தது, சொல் ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற பெண்கள் கையைக் கூப்பித் தீபத்தைப் பார்த்தார்கள். வருஷா வருஷம் தேவர்களுக்காக அழுத கண்கள் அவை. "கோயில் பூனை தேவருக்கு அஞ்சாது" என்று அம்மா வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தா. தேர்முட்டியில் ஒலிபெருக்கி வழியாக எல்லாம் கேட்டுக்கொண்டிருந்த மாமா எங்களோடு நடந்தார். வீடு கிட்ட வர, அம்மாவிடம் சொன்னார்.

"அந்த மருமோன் பெடியன் பாவம் அக்கா. முதல் வருஷம் அந்தப் பாட்டுக்கு நானும் உப்பிடித்தான் முழுசினனான்."

அதற்குப் பிறகு மாமா கோயிலில் பயன் சொல்லவில்லை. பிறகொரு வருஷம் கூப்பிட்டார்கள், ஆள் கிடைக்காமல். அவர் போகவில்லை.

தொண்ணூறில் தீவுக்குள் படை இறங்கியது. ஊரில் அகப்பட்ட சனம் முழுவதையும் கோயிலுக்குள் போய் இருக்கச் சொன்னார்கள். மணியத்தாரின் இடுப்பில் எப்போதும் தொங்குகிற சாவிக்கொத்தை வாங்கி, வெளிவாசலை அவருடைய சாவியாலேயே பூட்டினார்கள். மண்டபத்தில் சோறில்லை, வெளிக்குப் போக இடமில்லை, அடுத்து யாரை எழுப்பிக் கொண்டுபோவார்கள் என்று தெரியாது. படிப்புக்கு இருக்கிற அதே மண்டபம். மணியத்தார் தூணில் சாய்ந்து, சால்வையை மடித்துப் பிரித்து, பிரித்து மடித்துக்கொண்டிருந்தார். மீசை வெளுத்துத் தொங்கியிருந்தது. ஒரு மத்தியானம் குந்தியபடியே நகர்ந்து நகர்ந்து மாமாவுக்குக் கிட்ட வந்தார். நான் அம்மாவின் மடிக்குப் பக்கத்தில் இருந்தேன், ஒவ்வொரு சொல்லும் கேட்டேன்.

"தம்பி, நீர் உள்ளுக்கை இருந்தனீர். எப்பிடி நாளைப் போக்கினனீர்?"



"உள்ளுக்கை நாள் தன்ரை பாட்டிலை போகும் அண்ணை. வெளியிலை வந்தாப் பிறகுதான் போகாது."

மாமா தன் போத்தலில் மிச்சமிருந்த தண்ணீரை மணியத்தார் பக்கம் தள்ளி வைத்துவிட்டு மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

சில நாளில் கதவைத் திறந்தார்கள். மாடுகளின் கயிற்றை அறுத்துவிட்டுத் தீவைவிட்டுப் போனோம். யாழ்ப்பாணத்தில் ஐந்து வருஷம், பிறகு அங்கிருந்தும் எழும்பி வன்னி. வன்னியில் மாமா காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். அவருக்கு ஒருவரும் ஒருநாளும் தண்டனை விதிக்கவில்லை. ஆனால் சாகும்வரை அனுபவித்தார்.

இப்போது நான் இருப்பது ரொறன்ரோவில். பக்கத்து வீட்டில் ஒரு போர்த்துக்கேயக் கிழவர். ஒரு மாரி காலம் பனிமழை உறைந்து அவர் வீட்டு முன்மரம் முறிந்து விழுந்தது. கொப்புகளை வெட்டி எடுத்த பிறகு கிடந்த பெருமரத்தைக் கையால் தட்டி, இதைத் தூக்கத்தான் ஆள் வேண்டும் என்று சொல்லும்போது தன் பாஷையில் ஒரு சொல் சொன்னார். "துறோங்கு." நான் பனிக்குள் அப்படியே நின்றுவிட்டேன். திரும்பச் சொல்லச் சொன்னேன். அடிமரம் என்று அர்த்தமாம். அது மட்டுமா என்று கேட்டேன். யோசித்துவிட்டுச் சொன்னார்: முந்தின காலத்தில் அடிமரத்தைப் பிளந்து, ஓட்டை போட்டு, அதற்குள் ஆட்களின் காலைக் கொடுத்துப் பூட்டி வைப்பார்களாம், அதற்கும் அந்தப் பெயர்தானாம். எங்கள் தமிழிலும் ‘தொழுமரம்’ என்று அந்தச் சாமான் இருந்தது. தண்டனை என்கிற சொல்லின் அடியிலும் தண்டம் என்கிற தடிதான் கிடக்கிறது. ஆக, எல்லா இராச்சியமும் மரத்தைக் கண்டதும் முதலில் நினைத்தது அடுத்தவன் காலையும் முதுகையும்தான்.

கோட்டை கட்டிய அந்தப் போர்த்துக்கேயக் கப்பற்காரர் தங்கள் மரத்தோடு வந்தார்கள், போனார்கள். அவர்களுக்குப் பின் வந்தவர்களும் போனார்கள். கட்டை உக்கிப் போய் எத்தனையோ தலைமுறை. சொல்லை மட்டும் நாங்கள் பத்திரமாக வைத்திருந்தோம், மாட்டின் கழுத்தில் கட்டவும், மறியலால் வந்து சேர்ந்த பிள்ளையின் கழுத்தில் கட்டவும். தன்னைத் தானே அடித்துக்கொள்ளும்படி மாட்டுக்குக் கட்டிய ஊர், தனக்கும் ஒன்றைக் கட்டிக்கொண்டுதான் நடந்தது.

போன வருஷம் ஊருக்குப் போனேன். கோயிலுக்கு மாபிள் பதித்திருக்கிறார்கள். புராணம் ஒலிபெருக்கியில் பதிவாகப் போகிறது, வாத்தியாருமில்லை, பயன் சொல்லவும் ஆளில்லை. தெருவெல்லாம் கட்டாக்காலி மாடுகள், சிவலையின் பூட்டப்பிள்ளைகளோ என்னவோ, ஒன்றின் கழுத்திலும் கட்டையில்லை. சந்தியிலுள்ள கடைக்குப் போய், கடை வைத்திருக்கிற இளம் பெண்ணிடம் பேச்சோடு பேச்சாகத் துறுங்கு என்றால் தெரியுமா என்று கேட்டேன். "அது என்ன சாமான் அக்கா? எங்களிட்டை இல்லை" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது, ஒரு சந்தோஷம் கூட வந்தது. செத்துத் தொலைந்ததே என்று நினைத்தேன்.

அப்போது பாண் வாங்க ஒருவர் வந்தார். நாற்பது வயதிருக்கும், அடக்கமான மனுசன், என்னைப் பார்த்து, "எந்த வீடு அக்கா?" என்று விசாரித்து, அம்மாவின் பெயரைச் சொன்னதும் தெரியும் என்று தலையாட்டிவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போனார். அவர் வளைவில் மறையும்வரை பார்த்திருந்துவிட்டு அந்தப் பெண் குரலைத் தாழ்த்தினாள்.

"அவரோடை கனக்கக் கதைக்காதேங்கோ அக்கா. உள்ளை இருந்திட்டு வந்தவர்."

"என்ன குற்றத்துக்கு?"

"அது ஒருத்தருக்கும் தெரியாது. வழக்கும் இல்லையாம், விட்டிட்டாங்கள். ஆனாலும் உள்ளை இருந்தவர்தானே?"

கடை மூலையில் ஒரு கதிரை கிடந்தது. அதை இழுத்து அவளுக்கு நேரே போட்டு இருந்தேன். அங்கே மணி அடிக்க ஐயரில்லை, மேளமில்லை.

"பிள்ளை, அந்தத் துடக்கு எத்தினை நாளுக்கு?" என்று கேட்டேன்.

"என்னக்கா?"

"சொல்லும். நான் இருக்கிறன்."